சிமாஸ் இன்வெர்ட்டரை என்ஜிஸ்பைஸில் ஓட்டிப் பார்ப்பது: விடிசி வளைவிலிருந்து பவர் கணக்கு வரை

சிமாஸ் இன்வெர்ட்டர் என்பது உள்ளீட்டைத் தலைகீழாக்கிக் கொடுக்கும் சுற்று, அதில் இருப்பது என்மாஸ் ஒன்று, பிமாஸ் ஒன்று என இரண்டே டிரான்சிஸ்டர். சிமுலேஷன் பழக வருகிறவர்கள் எல்லோரும் இதில்தான் கை வைக்கிறார்கள், உள்ளீட்டுக்கு எதிராக வெளியீட்டை வரைந்த விடிசி வளைவு திரையில் சரேலென்று இறங்குவதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அந்த வளைவு எப்படியும் வந்துவிடும். மாடல் தப்பாக இருந்தாலும் வரும், அகலம் தப்பாக இருந்தாலும் வரும். மாட்டிக்கொள்வது பவர் கணக்கில்தான், ஏனென்றால் அங்கே வருவது ஒரு படம் இல்லை, ஒரு எண். எண்ணைப் பார்த்தவுடன் சரியா தப்பா என்று கண்ணுக்குத் தெரியாது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பழக்கத்தின் மேல் நிற்கிறது: ஒவ்வொரு ரன்னுக்கும் முன்னால் என்ன விடை வரவேண்டும் என்று தாளில் எழுதிவிட வேண்டும். பிறகுதான் ரன் பட்டன். வரிசையும் அதற்கேற்றபடிதான்: முதலில் கையால் கணக்குப் போடக்கூடிய எளிய மாடல், அதில் டிசி (நிலையான வோல்டேஜ்), அப்புறம் டிரான்சியன்ட் (நேரத்தோடு மாறுவது), அப்புறம் பவர். நிஜமான ஃபவுண்டரி (சிப் தயாரிக்கும் ஆலை) மாடல் கடைசியில்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

என்ஜிஸ்பைஸ் என்ற சுற்று சிமுலேட்டர் போதும். இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். எல்டிஸ்பைஸ் பழகியவர்கள் அதிலேயே செய்யலாம், ஆனால் அளவிடும் கட்டளைகளின் எழுத்துமுறையும் சில இயல்பு மதிப்புகளும் மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் தேவைப்படுவது ஸ்கை130. ஸ்கைவாட்டர் நிறுவனமும் கூகிளும் சேர்ந்து 2020-இல் திறந்துவிட்ட 130 நானோமீட்டர் பிடிகே, அதாவது சிப் வடிவமைக்க ஆலை தரும் மாடல்களும் விதிகளும் அடங்கிய தொகுப்பு, அது. தனியாக நிறுவுவது தலைவலி என்று நினைப்பவர்களுக்கு, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்து யோஹன்னஸ் கெப்ளர் பல்கலைக்கழகத்தார் வைத்திருக்கும் ஐஐசி-ஓஸிக்-டூல்ஸ் என்ற டாக்கர் இமேஜில் என்ஜிஸ்பைஸ், எக்ஸ்கெம் (சுற்றுப் படம் வரைவது), பிடிகே எல்லாம் ஒன்றாகவே வந்துவிடுகிறது. ஆனால் முதல் நாளே இதை இறக்க உட்கார வேண்டாம். ஃபவுண்டரி மாடலில் வரும் எண்ணைக் கையால் சரிபார்க்க முடியாது, அதனால் தப்பு நீங்கள் எழுதிய சுற்று ஃபைலான நெட்லிஸ்ட்டிலா மாடலிலா என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பாக எழுதுகிறேன். ஃபைலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் தாளில் எண்கள்

ஸ்பைஸின் எளிய டிரான்சிஸ்டர் மாடலான லெவல் 1-க்கு மூன்றே மூன்று பராமீட்டர் கொடுப்போம். என்மாஸுக்கு த்ரெஷோல்ட் (டிரான்சிஸ்டர் திறக்கும் வோல்டேஜ்) 0.5 வோல்ட், கேபி (கரண்ட் ஓட்டும் பலம்) 200 மைக்ரோ, லாம்ப்டா (குறுக்கே வோல்டேஜ் கூடும்போது கரண்ட் கூடும் அளவு) 0.1. பிமாஸுக்கு −0.5, 50 மைக்ரோ, 0.1. நீளம் இரண்டுக்கும் 0.2 மைக்ரான். அகலம் என்மாஸுக்கு 1 மைக்ரான், பிமாஸுக்கு 4 மைக்ரான். சப்ளை 1.8 வோல்ட்.

கேபி நான்கில் ஒரு பங்கு, அகலம் நான்கு மடங்கு. ஆகவே இரண்டும் சம பலம், ஸ்விட்சிங் த்ரெஷோல்ட் (வெளியீடும் உள்ளீடும் சமமாகும் இடம்) நட்டநடுவில் 0.9 வோல்ட். அந்தப் புள்ளியில் இரண்டு டிரான்சிஸ்டரும் சாச்சுரேஷனில் (குறுக்கே வோல்டேஜ் மாறினாலும் கரண்ட் அதிகம் மாறாத நிலை) இருக்கும்; ஓடும் கரண்ட் அரை × 200 மைக்ரோ × 5 × 0.4², அதாவது 80 மைக்ரோ ஆம்பியர் (5 என்பது அகலம் ÷ நீளம், 0.4 என்பது 0.9-இல் த்ரெஷோல்ட் போக மிச்சம்). லாம்ப்டா இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடி 87-ஐ ஒட்டி வரும்.

வெளியீட்டில் 50 ஃபெம்டோ ஃபேரட் லோடு வைத்தால், ஒரு முழுச் சுழற்சிக்கு சப்ளை கொடுக்கும் ஆற்றல் சி × விடிடி² (லோடு × சப்ளையின் வர்க்கம்), அதாவது 50 × 3.24 = 162 ஃபெம்டோ ஜூல். 100 மெகாஹெர்ட்ஸில் 16.2 மைக்ரோ வாட், சராசரி கரண்ட் 9 மைக்ரோ ஆம்பியர். இந்த எண்களைத் தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இனி வரும் ரன் எல்லாம் இவற்றோடுதான் மோதப்போகிறது.

3. நெட்லிஸ்ட்டை எழுதுவது

முதல் வரி தலைப்பு. ஸ்பைஸ் அதைப் படிக்கவே படிக்காது. சப்ளை சோர்ஸை முதல் வரியில் எழுதிவிட்டு "வெளியீடு ஏன் பூஜ்யத்திலேயே நிற்கிறது" என்று கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் வரியில் ஏதாவது ஒரு பெயரை எழுதிவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பியுங்கள்.

மாஸ்ஃபெட்டின் கால்களுக்கு வரிசை: டிரெயின், கேட், சோர்ஸ், பாடி. டிரெயினையும் சோர்ஸையும் மாற்றிப் போட்டாலும் லெவல் 1-இல் சுற்று வேலை செய்துவிடும், அதனால் அந்தத் தப்பு தெரியாது. பாடியை மாற்றினால் நன்றாகவே தெரியும். பிமாஸின் பாடியைத் தரையில் மாட்டிவிட்டால் சோர்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் டயோடு முன்னோக்கித் திறந்து, சப்ளை கரண்ட் உலகத்தில் இல்லாத ஒரு எண்ணைக் காட்டும், அல்லது கன்வர்ஜ் ஆகாமல் (விடைக்கு வராமல்) நின்றுவிடும். இரண்டில் எதைப் பார்த்தாலும் முதலில் பாடியைப் பாருங்கள்.

அகலமும் நீளமும் கொடுக்காமல் விட்டால் ஸ்பைஸ் கோபித்துக்கொள்ளாது, 100 மைக்ரான் என்று தானே எடுத்துக்கொள்ளும். மாடலில் த்ரெஷோல்ட் கொடுக்காவிட்டால் பூஜ்யம். இந்த இரண்டையும் விட்டுவிட்டாலும் அழகான விடிசி வளைவு வரும் என்பதுதான் இதில் ஆபத்து.

அளவுப் பின்னொட்டுகளில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் கிடையாது. எம் என்றால் எப்போதும் மில்லி. மெகா வேண்டுமென்றால் மெக் என்று மூன்றெழுத்து. எஃப் என்றால் ஃபெம்டோ, ஃபேரட் இல்லை. லோடு கெபாசிட்டருக்கு 50-க்குப் பின்னால் ஒரு எஃப் போட்டால் போதும்.

சப்ளை வோல்டேஜை டாட் பாராம் வரியில் ஒரு பெயராக வைத்து, சப்ளை சோர்ஸ், இன்புட் பல்ஸின் உச்சம் இரண்டுக்கும் அந்தப் பெயரையே கொடுங்கள். டிசி ஸ்வீப்பின் முடிவு மட்டும் தனியாக ஒரு எண்ணாக இருக்கும், சப்ளையை மாற்றும்போது அதையும் கையோடு மாற்றிவிடுங்கள். பின்னால் சப்ளையை 0.9-க்கு இறக்கப் போகிறோம். சப்ளையை மட்டும் இறக்கிவிட்டு இன்புட்டை 1.8-இலேயே விட்டுவிடுவதும், சப்ளையை ஏற்றிவிட்டு இன்புட்டை அப்படியே விடுவதால் பிமாஸ் முழுசாக அணையாமல் கசிவதும் அடிக்கடி பார்க்கிற கதை.

4. டிசி ஸ்வீப்

இன்புட் சோர்ஸை 0-விலிருந்து 1.8 வரை ஸ்வீப் செய்யுங்கள். படி 1 மில்லி வோல்ட். 10 மில்லி வோல்ட் போதாதா என்றால், போதாது. நமது மாடலில் நடுப்பகுதியின் கெயின் (வளைவின் சரிவு) 50-ஐத் தாண்டும். இரண்டு டிரான்சிஸ்டரும் சாச்சுரேஷனில் இருக்கும் பகுதியில் வெளியீடு 1.4-இலிருந்து 0.4 வரை 1 வோல்ட் விழுகிறது. அதற்கு இன்புட்டில் 20 மில்லி வோல்ட் கூட ஆகாது. 10 மில்லி படியில் அங்கே இரண்டு புள்ளிதான் விழும், சரிவைக் கணக்கிட்டால் குப்பை வரும்.

லாம்ப்டாவை ஏன் கொடுத்தோம் என்பதும் இங்கேதான் புரியும். அது பூஜ்யமாக இருந்தால் இரண்டு சாச்சுரேஷன் கரண்ட்டும் ஒரே ஒரு இன்புட் மதிப்பில்தான் சமமாகும். கெயின் முடிவிலி, வளைவு செங்குத்தாக விழும், சிமுலேட்டர் அந்த இடத்தில் தடுமாறும்.

ஸ்வீப் முடிந்ததும் வெளியீட்டை மட்டும் வரையாமல், சப்ளை கரண்டையும் கூடவே வரையுங்கள். அது ஒரு கூம்பு போல எழுந்து இறங்க வேண்டும், உச்சி 0.9 வோல்ட்டில், உயரம் 87 மைக்ரோ ஆம்பியரை ஒட்டி. இன்புட் 0.5-க்குக் கீழேயும் 1.3-க்கு மேலேயும் கரண்ட் இருக்கக்கூடாது. விடிசி வளைவு சொல்லாத தப்பை இந்தக் கூம்பு சொல்லிவிடும்: உச்சி நகர்ந்திருந்தால் அகல விகிதம் தப்பு, உயரம் மாறியிருந்தால் கேபி அல்லது அளவு தப்பு, ஓரங்களில் கரண்ட் நின்றால் த்ரெஷோல்ட் தப்பு.

வரைந்தது தலைகீழாக, எதிர்க்குறியில் இருக்கும். பதற வேண்டாம். ஸ்பைஸில் ஒரு வோல்டேஜ் சோர்ஸின் கரண்ட் என்பது அதன் பாசிட்டிவ் முனை வழியாக உள்ளே போவது. சப்ளை வெளியே கொடுக்கும்போது அது மைனஸ்தான். குறியை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஏபிஎஸ் (குறியை நீக்கிவிடும் ஃபங்ஷன்) போட்டு மாற்றாதீர்கள். ஏன் என்பது 7-ஆம் படியில்.

5. த்ரெஷோல்டும் நாய்ஸ் மார்ஜினும்

ஸ்விட்சிங் த்ரெஷோல்டைக் கண்ணால் படிக்காமல் மெஷர் கட்டளையில் வெளியீடும் உள்ளீடும் சமமாகும் இடம் என்று கேளுங்கள். 0.9 வரவேண்டும். இப்போது பிமாஸின் அகலத்தை 1 மைக்ரானாகக் குறைத்து ஓட்டுங்கள்; 0.77-ஐ ஒட்டி வரும். 2 மைக்ரான் என்றால் 0.83. மூன்றும் பாடப்புத்தகச் சூத்திரத்தோடு ஒத்துப்போனால் உங்கள் நெட்லிஸ்ட்டை நம்பலாம். பாதிக்குப் பாதி பலம் குறைந்தும் த்ரெஷோல்ட் 70 மில்லி வோல்ட்தான் நகர்கிறது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் நிஜ வடிவமைப்பில் இடத்தை மிச்சப்படுத்த பிமாஸைச் சமநிலைக்குத் தேவையானதைவிடச் சின்னதாகவே வைக்கிறார்கள்.

நாய்ஸ் மார்ஜினுக்கு, அதாவது சிக்னலில் எவ்வளவு இரைச்சல் தாங்கும் என்பதற்கு, டெரிவ் ஃபங்ஷனால் சரிவை எடுத்து, அது −1 ஆகும் இரண்டு இடங்களைக் கேளுங்கள். முதல் இடம் விஐஎல் (தாழ் நிலையாக ஏற்கப்படும் உள்ளீட்டின் மேல் எல்லை), இரண்டாவது விஐஎச் (உயர் நிலையாக ஏற்கப்படும் உள்ளீட்டின் கீழ் எல்லை). லாம்ப்டா இல்லாத கைக்கணக்கு முறையே 0.8, 1.0 என்கிறது, உங்களுக்கு அதற்கு மிக அருகில் வரும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கீழ் மார்ஜின் என்பது விஐஎல்-இலிருந்து விஓஎல்-ஐக் கழித்தது. விஓஎல் என்பது தாழ் நிலையில் வெளியீடு, ஆனால் அது எது? வெளியீட்டின் அடிமட்டம் பூஜ்யம் என்று எடுத்தால் மார்ஜின் 0.8. சரிவு −1 ஆகும் புள்ளியில் வெளியீடு எவ்வளவோ அதுதான் என்று எடுத்தால், அங்கே 0.1 வோல்ட், மார்ஜின் 0.7. இரண்டு வழக்கமும் புழக்கத்தில் இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரருக்கு வேறு விடை வந்தால் சண்டை போடுவதற்கு முன் அவர் எதை எடுத்தார் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நேர்மையானது, ஏனென்றால் உள்ளீடு விஐஎச் வரை இறங்கலாம் என்று அனுமதித்துவிட்டு வெளியீடு மட்டும் சுத்தமான பூஜ்யம் என்று சொல்வது பொருந்தாது.

6. டிரான்சியன்ட்டுக்குத் தயார் செய்வது

பவர் எண் கெடுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான், அளக்கும்போது இல்லை.

பல்ஸ் சோர்ஸுக்கு ஏழு எண்கள்: தாழ் மட்டம், உயர் மட்டம், தாமதம், ஏறும் நேரம், இறங்கும் நேரம், அகலம், காலம். நமக்கு 0, 1.8, தாமதம் 1 நானோ வினாடி, ஏறவும் இறங்கவும் 50 பிக்கோ வினாடி, அகலம் 4.95 நானோ, காலம் 10 நானோ. அகலம் ஏன் 5 இல்லை? அகலம் என்பது உச்சியில் தங்கும் நேரம் மட்டும், விளிம்புகள் அதில் சேராது.

ஏறும் நேரத்தைப் பூஜ்யம் என்று கொடுத்து ஐடியல் விளிம்பு வைத்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் உண்டு. என்ஜிஸ்பைஸ் பூஜ்யத்தை ஏற்காது. அதற்குப் பதிலாக டிரான் வரியில் நீங்கள் கொடுத்த டைம் ஸ்டெப்பை ஏறும் நேரமாக எடுத்துக்கொள்ளும். ஸ்டெப் 1 நானோ வினாடி என்று இருந்தால் விளிம்பும் 1 நானோ. ஸ்டெப்பை மாற்றினால் பவர் மாறுகிறதே என்று குழம்பி நிற்பது இதனால்தான்.

டிரான் வரியில் நான்கு எண்களையும் கொடுங்கள்: ஸ்டெப் 2 பிக்கோ, முடிவு 61 நானோ, தொடக்கம் 0, அதிகபட்ச ஸ்டெப் 2 பிக்கோ. நான்காவதுதான் முக்கியம். 50 பிக்கோ விளிம்பில் வரும் கரண்ட் முள் குறைந்தது இருபது புள்ளியிலாவது பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் அதன் பரப்பு சரியாக வராது. கரண்ட் அலைவடிவம் கோணல்மாணலாக, கத்தியால் வெட்டியதுபோல் தெரிந்தால் ஸ்டெப்பைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். ஆற்றல் எண் ஒரு சதவீதத்துக்கு மேல் மாறினால் இன்னும் பாதி.

7. சுழற்சிக்கு எவ்வளவு ஆற்றல்

இன்டெக் கட்டளையால் சப்ளை கரண்டை 21 நானோவிலிருந்து 61 நானோ வரை தொகையிடுங்கள். சரியாக நான்கு சுழற்சி. ஆரம்பச் சுழற்சிகளை விட்டுவிடுகிறோம், ஏனென்றால் சுற்று எந்த நிலையிலிருந்து கிளம்பியது என்பதன் வாசனை அதில் இருக்கும். முழுச் சுழற்சியாக இல்லாமல் நாலரை எடுத்தால் சப்ளை ஒரு சார்ஜை அதிகமாகக் கொடுத்தது போலத் தெரியும்.

தாளில் இருந்தபடி 360 ஃபெம்டோ கூலம் வரவேண்டும், மைனஸ் குறியோடு. அதை 1.8-ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் சுழற்சிக்கு 162 ஃபெம்டோ ஜூல். உங்களுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாக வரும்; அந்த மிச்சம்தான் அடுத்த படி.

சராசரி எடுக்க மீன் ஃபங்ஷனைத் தொடவே தொடாதீர்கள். சிமுலேட்டர் புள்ளிகளைச் சீரான இடைவெளியில் வைப்பதில்லை. எதுவும் நடக்காத நேரத்தில் நீளமாகத் தாவும், விளிம்பில் நெருக்கி நெருக்கி வைக்கும். மீன் என்பது புள்ளிகளின் சராசரி, நேரத்தின் சராசரி இல்லை. கரண்ட் அதிகமாக ஓடும் இடத்தில்தான் புள்ளிகளும் அதிகம் என்பதால் விடை ஊதிப்போய் வரும். அதிகபட்ச ஸ்டெப் கொடுக்காமல் ஓட்டியவர்களுக்கு இது பல மடங்கு ஊதும். மெஷர் கட்டளையின் ஏவிஜி, இன்டெக் இரண்டும் நேரத்தைக் கணக்கில் எடுப்பவை, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

ஏபிஎஸ் விஷயம். நிஜ மாடலில் கேட்டுக்கும் டிரெயினுக்கும் நடுவில் கெபாசிட்டன்ஸ் உண்டு. இன்புட் சட்டென்று ஏறும்போது அது வெளியீட்டையும் 1.8-க்கு மேல் ஒரு கணம் தள்ளும், அப்போது பிமாஸ் வழியாகக் கரண்ட் சப்ளைக்குத் திரும்பிப் போகும். அது நிஜமாகவே சப்ளைக்குத் திரும்பிய சார்ஜ், கழிக்க வேண்டியது. ஏபிஎஸ் போட்டால் அதைக் கூட்டிவிடுவீர்கள்.

இப்போது லோடை 25, 50, 100, 200 ஃபெம்டோ என்று மாற்றி ஆற்றலை லோடுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு, ஒரு ஃபெம்டோ ஃபேரட்டுக்கு 3.24 ஃபெம்டோ ஜூல் என்ற சரிவு. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. சரிவு விடிடி²-ஐவிட வெகுவாக விலகினால் அளவிடும் முறையில் கோளாறு. வெளியீடு முழுசாக மேலும் கீழும் போகிறதா என்பதையும் பாருங்கள். காலத்தை 0.5 நானோ வினாடியாக்கி 200 ஃபெம்டோவை ஓட்டினால் வெளியீடு ஓரத்தைத் தொடுவதற்குள் திரும்பிவிடும், ஆற்றல் குறைந்து தெரியும். பவர் மிச்சமாகவில்லை, இன்வெர்ட்டர் வேலையை முடிக்கவில்லை.

இந்த 162-இல் பாதி, 81 ஃபெம்டோ ஜூல், வெளியீடு ஏறும்போது பிமாஸில் சூடாகப் போகிறது. மீதிப் பாதி கெபாசிட்டரில் ஏறி, இறங்கும்போது என்மாஸில் சூடாகிறது. வைவாவில் "டிரான்சிஸ்டரைப் பெரிதாக்கினால் இது குறையுமா" என்று கேட்பார்கள். குறையாது. டிரான்சிஸ்டரின் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்பதே அந்தக் கணக்கில் இல்லை.

8. ஷார்ட் சர்க்கியூட் பங்கைப் பிரித்தெடுப்பது

இன்புட் 0.5-க்கும் 1.3-க்கும் நடுவில் கடக்கும்போது இரண்டு டிரான்சிஸ்டரும் திறந்திருக்கும், சப்ளையிலிருந்து தரைக்கு நேராகக் கரண்ட் ஓடும். நமது மூன்று பராமீட்டர் மாடலில் ஆக்சைடு தடிமன் கொடுக்கவில்லை. லெவல் 1-இல் அதைக் கொடுக்காவிட்டால் கேட் கெபாசிட்டன்ஸ் கணக்கிலேயே வராது. அதாவது சுற்றில் இருப்பது நீங்கள் வைத்த லோடு மட்டும். அளந்ததிலிருந்து 162-ஐக் கழித்தால் மிச்சம் முழுக்க ஷார்ட் சர்க்கியூட். எளிய மாடலில் ஆரம்பித்ததற்கு இது ஒன்றே போதும்.

லோடே இல்லாதபோது சுழற்சிக்கு எவ்வளவு என்பதற்கு வீண்ட்ரிக் 1984-இல் கொடுத்த சூத்திரம் இருக்கிறது: பீட்டாவை (கேபி × அகலம் ÷ நீளம்) பன்னிரண்டால் வகுத்து, விடிடியில் இரண்டு த்ரெஷோல்டைக் கழித்ததன் கனத்தால் பெருக்கி, விளிம்பு நேரத்தால் பெருக்க வேண்டும். நமக்கு பீட்டா 1 மில்லி, கழித்தது 0.8. விளிம்பு 50 பிக்கோ என்றால் 2 ஃபெம்டோ ஜூலைச் சுற்றி, 1 நானோ என்றால் 40-ஐத் தாண்டும். லோடு இருக்கும்போது இதைவிடக் குறையும், ஏனென்றால் இன்புட் கடந்துபோகும் நேரத்தில் வெளியீடு இன்னும் நகராமல் இருக்கும். அணையப்போகும் டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே வோல்டேஜ் இருக்காது.

ஓட்டிப் பாருங்கள். விளிம்பை 50 பிக்கோ, 200 பிக்கோ, 1 நானோ என்று மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் பல்ஸ் அகலத்தை அதற்கேற்றபடி குறைக்க மறக்காதீர்கள். 1 நானோவுக்கு அகலம் 4 நானோ.

அப்புறம் சப்ளையை 0.9-க்கு இறக்குங்கள். இரண்டு த்ரெஷோல்டின் கூட்டல் 1.0, சப்ளை அதற்குக் கீழே. இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் திறக்க வழியே இல்லை. விளிம்பு எவ்வளவு மெதுவாக இருந்தாலும் ஆற்றல் 40.5 ஃபெம்டோ ஜூலில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சார்ஜை 0.9-க்குப் பதில் இன்னும் 1.8-ஆலேயே பெருக்குகிறீர்களா என்று பாருங்கள்.

9. ஸ்கை130-க்கு மாறுவது

இதுவரை எல்லா எண்ணும் ஒத்துப்போயிருந்தால் மட்டும் இங்கே வாருங்கள்.

டாட் லிப் வரியில் பிடிகேயின் ஸ்பைஸ் ஃபைலையும் டிடி என்ற கார்னரையும் (தயாரிப்பு மாறுபாட்டில் இரண்டு டிரான்சிஸ்டரும் இயல்பாக இருக்கும் நிலை) கொடுங்கள். பிடிகேயோடு வரும் ஸ்பைஸ்இனிட் ஃபைலை, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, நீங்கள் ஓட்டும் ஃபோல்டரில் போடுங்கள். இல்லாவிட்டால் மாடல் ஃபைலின் எழுத்துமுறை என்ஜிஸ்பைஸுக்குப் புரியாமல் பிழைகளாகக் கொட்டும். லோடு ஆக நேரம் எடுக்கும், தொங்கிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.

இங்கே டிரான்சிஸ்டர் ஒரு சப்சர்க்கியூட், அதனால் வரி எம்-இல் இல்லாமல் எக்ஸ்-இல் தொடங்கும். அகலமும் நீளமும் மைக்ரானில், வெறும் எண்ணாக: நீளம் 0.15, அகலம் 1. பழக்கதோஷத்தில் பின்னால் ஒரு யு போட்டால் மைக்ரானில் மைக்ரானாகி, அந்த அளவுக்கு மாடலே இல்லை என்று பிழை வரும்.

கையால் எழுதுபவர்கள் டிரெயின், சோர்ஸ் பரப்பளவையும் சுற்றளவையும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் ஜங்ஷன் கெபாசிட்டன்ஸ் கணக்கில் வராது, பவர் குறைவாக வரும், எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். எக்ஸ்கெம்மில் வரைந்தால் சின்னமே அகலத்திலிருந்து அவற்றைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடும்.

விடிசி, கூம்பு, லோடு நேர்கோடு மூன்றையும் மறுபடி எடுங்கள். நடுப்பகுதியின் கெயின் 50-க்கு வெகு கீழே இருக்கும், குறுகிய சேனலின் குணம் அது. லோடு கோட்டின் சரிவு அதே 3.24-ஐ ஒட்டியே இருக்க வேண்டும், ஆனால் கோடு பூஜ்யத்திலிருந்து கிளம்பாது. லோடு பூஜ்யமாக இருக்கும்போது மிஞ்சுவது டிரான்சிஸ்டரின் சொந்தக் கெபாசிட்டன்ஸும் ஷார்ட் சர்க்கியூட்டும் சேர்ந்தது. பிமாஸ் அகலத்தை எத்தனை மடங்கு வைத்தால் த்ரெஷோல்ட் 0.9-க்கு வருகிறது என்பதை ஸ்வீப் செய்து நீங்களே கண்டுபிடியுங்கள், "இரண்டு மடங்கு" என்ற வாய்ப்பாட்டை நம்பாதீர்கள்.

10. நிஜமான இன்புட், தனித்தனி சப்ளை

ஐடியல் பல்ஸ் சோர்ஸ் நேராகக் கேட்டை ஓட்டும்போது, கேட்டை நிரப்பும் ஆற்றலை அந்த சோர்ஸ் தன் கையிலிருந்து கொடுக்கிறது. சப்ளை கரண்டில் அது வராது. விளிம்பின் வடிவமும் நிஜ சிப்பில் இருப்பதுபோல் இருக்காது.

ஆகவே மூன்று கட்டம் வையுங்கள். முன்னால் ஒரு இன்வெர்ட்டர் டிரைவராக, நடுவில் நாம் அளப்பது, பின்னால் அதே அளவில் நான்கு இன்வெர்ட்டர் லோடாக. சப்ளையை மட்டும் மூன்றாகப் பிரியுங்கள், எல்லாம் 1.8 வோல்ட்தான், ஆனால் மூன்று தனி சோர்ஸ். மூன்று குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர் என்றால் கரண்ட் பில்லை யார் தலையில் கட்டுவது என்று தெரியாது, அதேதான் இங்கேயும்.

இப்படி வைத்தால் நடு இன்வெர்ட்டரின் கேட்டை நிரப்பும் செலவு டிரைவரின் மீட்டரில் விழும், லோடு கேட்டுகளை நிரப்பும் செலவு நடு மீட்டரில் விழும். இந்தப் பிரிப்பு ஒரு வழக்கம்தான், அதையே எல்லா இடத்திலும் பின்பற்றினால் எதுவும் இரண்டு முறை எண்ணப்படாது.

11. கசிவு கரண்ட்

லெவல் 1-இல் கசிவை அளக்கவே அளக்காதீர்கள். அதில் த்ரெஷோல்டுக்குக் கீழே கரண்ட் என்ற சமாச்சாரமே கிடையாது. ஆனாலும் ஒரு எண் வரும், 1.8 பிக்கோ ஆம்பியரைச் சுற்றி. அது எங்கிருந்து வருகிறது? கன்வர்ஜென்ஸுக்காக சிமுலேட்டர் ஒவ்வொரு ஜங்ஷனுக்குக் குறுக்கேயும் போடும் ஜிமின் என்ற கண்டக்டன்ஸ், இயல்பாக 10⁻¹² சீமென்ஸ். 1.8 வோல்ட்டால் பெருக்கினால் அதே 1.8 பிக்கோ. ரெக்கார்டு நோட்டில் இதை "லீக்கேஜ்" என்று அழகாக எழுதி கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள்.

ஸ்கை130-இல் அளக்கும்போதும் இந்த ஜிமின் குறுக்கே நிற்கும், ஏனென்றால் சின்ன டிரான்சிஸ்டரின் நிஜக் கசிவு இந்த அளவுக்குப் பக்கத்தில் அல்லது கீழே இருக்கலாம். கரண்ட் துல்லியத்துக்கான ஆப்டால் கூட இயல்பாக 1 பிக்கோ ஆம்பியர்தான். டாட் ஆப்ஷன் வரியில் இரண்டையும் 10⁻¹⁵-க்கு இறக்குங்கள். இறக்குவதற்கு முன்னும் பின்னும் விடை மாறினால், முன்னால் நீங்கள் அளந்தது சிமுலேட்டரை, டிரான்சிஸ்டரை இல்லை.

டிரான்சியன்ட் வேண்டாம், நிலையான ஒரு புள்ளியை மட்டும் கணக்கிடும் டாட் ஓபி போதும். இன்புட் 0-விலும் 1.8-இலும் தனித்தனியாக எடுங்கள். இன்புட் பூஜ்யம் என்றால் கசிவது என்மாஸ், 1.8 என்றால் பிமாஸ். இரண்டும் ஒன்றாக இருக்காது. இயல்பு வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ். வேலை செய்யும் சிப் அந்தக் குளிர்ச்சியில் இருப்பதில்லை, அதனால் டாட் டெம்ப் வரியில் 85-உம் வைத்து ஓட்டிப் பாருங்கள், கசிவு எவ்வளவு எகிறுகிறது என்று தெரியும்.

12. கார்னர்கள், எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டியவை

டிடி-ஐ எஃப்எஃப், எஸ்எஸ், எஸ்எஃப், எஃப்எஸ் (எஃப் வேகம், எஸ் மந்தம்) என்று மாற்றி ஓட்டுங்கள். எஸ்எஃப், எஃப்எஸ் இரண்டிலும் ஒரு டிரான்சிஸ்டர் வேகமாகவும் மற்றது மந்தமாகவும் இருப்பதால் விடிசியின் த்ரெஷோல்ட் இடமும் வலமும் நகரும், நாய்ஸ் மார்ஜினுக்குப் பார்க்க வேண்டியது இவைதான். கசிவுக்கு எஃப்எஃப்-உம் அதிக வெப்பமும் சேர்ந்தது மோசமான நிலை. டைனமிக் ஆற்றல் இவற்றில் பெரிதாக அசையாது, அதில் முக்கால்வாசியும் கெபாசிட்டன்ஸும் சப்ளையும்தான்.

"இன்வெர்ட்டரின் பவர் இத்தனை மைக்ரோ வாட்" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சப்ளை, லோடு, இன்புட் விளிம்பு, ஃப்ரீக்வென்சி, வெப்பநிலை, கார்னர், அதிகபட்ச ஸ்டெப், இவ்வளவும் பக்கத்தில் இருக்க வேண்டும். டிரைவரின் மீட்டரைச் சேர்த்தீர்களா இல்லையா என்பதும். முடிந்தால் பவரை விட்டுவிட்டு சுழற்சிக்கு இத்தனை ஃபெம்டோ ஜூல் என்று எழுதுங்கள், ஃப்ரீக்வென்சி பற்றிய பாதிக் கேள்விகள் வராது.